ஒரே அடித்தளம், பல கார்கள்

"சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும்" என்பது நம் பெரியோர் கண்ட உண்மை. ஆனால் சித்திரத்தைப் பார்த்து வியக்கிறவர்கள் சுவரைப் பார்ப்பதில்லை. மோட்டார் கார்களின் கதையும் அப்படித்தான். கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் இன்று சிவப்பு, வெள்ளை, நீலம் என்று எத்தனையோ சிறு கார்கள் ஓடுகின்றன. அவற்றின் நிறத்தையும் முகவிளக்கையும் பார்க்கிறோம். "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும்?" என்று கேட்கிறோம். வெவ்வேறு பெயருடனும் வெவ்வேறு கம்பெனி முத்திரையுடனும் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கார்களுக்கு அடியில் ஒரே அடித்தளம் இருக்கக்கூடும் என்பதை நம்மில் பலர் அறிவதில்லை.

அந்த அடித்தளம் என்பது என்ன? அது நம் தமிழ் மண்ணில் எப்படி உருவாயிற்று? நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு அதனால் விளைந்த நன்மை என்ன? அதில் நாம் விழிப்பாக இருக்க வேண்டிய இடம் எது? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

அடித்தளம் என்றால் என்ன?

இதை ஆங்கிலச் சொல்லாலேயே 'பிளாட்பாரம்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். பிளாட்பாரம் என்றதும் நமக்குச் சின்னசேலம் ரயில் நிலையம்தான் நினைவுக்கு வரும். பொருள் அதிகம் மாறவில்லை. ரயில் நிலையத்தில் மனிதர் ஏறி நிற்கும் மேடை. காரில் மற்ற உறுப்புகள் எல்லாம் ஏறி நிற்கும் மேடை.

கரும்பு ஏற்றிக்கொண்டு சர்க்கரை ஆலைக்குப் போகும் லாரியைக் கவனித்திருப்போம். அதன் அடியில் முன்னிருந்து பின்வரை இரண்டு நீண்ட எஃகுச் சட்டங்கள் ஓடும். அதுவே சேஸிஸ். சக்கரம், எஞ்சின், பாரம் ஏற்றும் பெட்டி எல்லாம் அந்தச் சட்டத்தில் பூட்டப்பட்டிருக்கும். பெட்டியைக் கழற்றி எறிந்தாலும் லாரி ஓடும். மலைப்பாதையில் ஏறும் பழைய ஜீப்புகளின் அமைப்பும் இதுவே.

இன்றைய சிறு கார்களில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. தரை, தூண்கள், கூரை எல்லாம் எஃகுத் தகடுகளை அழுத்தி மடித்துப் பற்றவைத்த ஒரே கூடாக இருக்கின்றன. இதைப் புரிந்துகொள்ள ஒரு தீப்பெட்டி போதும். மேலுறையை மட்டும் விரலால் அழுத்தினால் சப்பையாகிவிடும். உள்ளே இழுப்புப் பெட்டியைச் செருகி அழுத்திப் பாருங்கள்; எளிதில் மடியாது. மெல்லிய அட்டைதான், ஆயினும் பெட்டி வடிவம் அதற்குப் பலம் தருகிறது. கார்க் கூட்டின் இரகசியமும் அதுவே.

அந்தக் கூட்டின் தரைப்பகுதி, எஞ்சின் அமரும் முன்னறை, சக்கரங்களைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு, ஸ்டியரிங், பிரேக், மின்கம்பிகளின் வலை ஆகியவை சேர்ந்ததே அடித்தளம். ஏறக்குறைய நமக்குக் கண்ணில் படாதவை எல்லாம் அடித்தளம். கண்ணில் படுபவை எல்லாம் அதன்மேல் போர்த்திய உடை. திருவிழாத் தேரில் சக்கரமும் மரப்பீடமும் ஆண்டுதோறும் அவையே. மேலே கட்டும் மூங்கிலும் துணியும் பூவும்தான் புதியவை. அதுபோன்றதே இதுவும்.

பழைய நாளில் வந்த கார்கள்

வெளிநாட்டுக் காரை நம் நாட்டில் செய்வது புதிய செய்தி அன்று. நம் தாத்தா காலத்து அம்பாஸடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற காரிலிருந்து பிறந்தது. 2014 வரை அது நம் நாட்டில் உற்பத்தியாயிற்று. சென்னையிலேயே ஸ்டாண்டர்டு கம்பெனி இருந்தது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டை 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் அது தயாரித்தது. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800, ஜப்பானின் சுசுகி ஆல்டோவின் வழிவந்தது.

ஆனால் இவற்றுக்கும் இன்றைய முறைக்கும் வேறுபாடு உண்டு. அன்று வெளிநாட்டில் செய்துகொண்டிருந்த ஒரு காரை அப்படியே எடுத்துவந்து இங்கே செய்தார்கள். அங்கே அது வழக்கொழிந்த பின்னும் இங்கே ஓடிக்கொண்டிருந்தது. இன்றோ ஒரே அடித்தளத்தை முதலிலேயே பல நாடுகளுக்கும் பல கார்களுக்கும் பொதுவாகத் திட்டமிடுகிறார்கள். ஒரு வீட்டின் வரைபடத்தை இரவல் வாங்குவது பழைய முறை. பல வீடுகளுக்குச் சேர்த்தே கடைக்கால் போடுவது புதிய முறை.

ஒரகடத்துக் கதை

கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் போகிறவர்கள் தியாகதுருகம், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு கடந்து சிங்கப்பெருமாள் கோவிலை அடைவார்கள். அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் நோக்கி ஒரு சாலை பிரிகிறது. அந்தச் சாலையில் இருக்கிறது ஒரகடம். பிரான்சின் ரெனால்ட் கம்பெனியும் ஜப்பானின் நிஸான் கம்பெனியும் கூட்டாக அமைத்த கார்த் தொழிற்சாலை அங்கே 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. பின்னர் 2025இல் நிஸானின் பங்கையும் ரெனால்ட்டே வாங்கிக்கொண்டது.

முதலில் அங்கே உருவான கார் நிஸான் மைக்ரா. அதே கார் முகம் மட்டும் மாற்றப்பட்டு 2012இல் 'ரெனால்ட் பல்ஸ்' என்ற பெயரில் வந்தது. ஒரே பெண் இரண்டு நாடகத்தில் இரண்டு வேடம் போட்டதைப் போன்றது இது. பார்த்தவர்கள் எளிதில் கண்டுகொண்டார்கள்.

ரெனால்ட்டுக்கு அதற்கு முன்பே ஒரு பாடம் கிடைத்திருந்தது. ருமேனியா நாட்டுக்காக 2004இல் அது உருவாக்கிய மலிவான 'லோகன்' என்ற காரை, மஹிந்திராவுடன் சேர்ந்து 2007இல் இந்தியாவில் விற்றது. கார் உறுதியானது, இடவசதி மிக்கது. ஆனால் அதன் நீளம் 4 மீட்டரைத் தாண்டியது. நம் நாட்டில் 2006 முதல் 4 மீட்டருக்குக் குறைந்த, சிறிய எஞ்சின் கொண்ட கார்களுக்கு மட்டுமே வரிச்சலுகை. எனவே லோகனுக்கு அந்தச் சலுகை கிட்டவில்லை. எதிர்பார்த்த விற்பனையும் இல்லை. உலகத்துக்குப் பொதுவான அடித்தளம் என்றாலும், அது போய்ச்சேரும் மண்ணின் வழக்கத்தையும் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும் என்பதே அந்தப் பாடம்.

ஆகவே அடுத்த அடித்தளத்தை இங்கேயே உருவாக்கத் துணிந்தார்கள். லோகனை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான ஜெரார் தெதூர்பே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் சென்னையில் தங்கி இந்தப் பணிக்குத் தலைமை ஏற்றார். செங்கல்பட்டை அடுத்த மஹிந்திரா சிட்டியில் இருக்கும் தொழில்நுட்ப மையத்தில் நம் நாட்டுப் பொறியாளர்கள் பலர் அவருடன் உழைத்தனர். அவ்வாறு பிறந்த அடித்தளத்தின் பெயர் சி.எம்.எஃப்.-ஏ. அதன்மேல் எழுந்த முதல் கார் 'க்விட்'. அது 2015 செப்டம்பர் 24ஆம் நாள் விற்பனைக்கு வந்தது. தொடக்க விலை 2 லட்சத்து 57 ஆயிரம் ரூபாய்.

அதன்பின் அந்தக் குடும்பம் பெருகியது. 2016இல் 'டாட்சன் ரெடி-கோ' வந்தது. அடித்தளத்தைச் சற்றுப் பெரிதாக்கி 2019 ஆகஸ்டில் ஏழு பேர் அமரும் 'டிரைபர்', 2020 டிசம்பரில் 'நிஸான் மேக்னைட்', 2021 பிப்ரவரியில் 'ரெனால்ட் கைகர்' ஆகியவை பிறந்தன. டாட்சன் என்ற பெயர் 2022இல் இந்தியாவில் நின்றுபோயிற்று. க்விட் 2017 முதல் பிரேசில் நாட்டிலும் தயாராகிறது. அதன் மின்சார வடிவம் சீனாவில் உருவாகி, 'டாசியா ஸ்பிரிங்' என்ற பெயரில் 2021இல் ஐரோப்பியச் சாலைகளுக்குப் போயிற்று. ஒரகடத்தில் வேர்விட்ட அடித்தளம் மூன்று கண்டங்களில் கிளை பரப்பியது என்று சொன்னால் மிகையாகாது.

ஒரே அளவுச் சட்டை அன்று

அடித்தளம் ஒன்று என்றால் எல்லாக் கார்களும் ஒரே நீளமாக அல்லவா இருக்க வேண்டும் என்று தோழியர் கேட்கலாம். தையல் வகுப்பை நினைத்துக்கொள்வோம். ஒரு காகித மாதிரியை வைத்துக்கொண்டு ஆறாம் வகுப்பு மாணவிக்கும் பத்தாம் வகுப்பு மாணவிக்கும் சீருடை வெட்டுகிறோம். கழுத்தும் கைக்குழியும் தைக்கும் விதமும் ஒன்றே. நீளத்தையும் இடுப்பையும் மட்டும் கூட்டிக் குறைக்கிறோம்.

கார்களில் முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ரெடி-கோவில் அது 2,348 மி.மீ. க்விட்டில் 2,422 மி.மீ. மேக்னைட்டிலும் கைகரிலும் 2,500 மி.மீ. டிரைபரில் 2,636 மி.மீ. மிகச் சிறியதற்கும் மிகப் பெரியதற்கும் உள்ள வேறுபாடு 288 மி.மீ.; அதாவது நம் அளவுகோல் ஒன்றின் நீளத்துக்குச் சற்றுக் குறைவு. பொதுவாக முன்சக்கரத்திலிருந்து ஓட்டுநரின் கால்மிதி வரையுள்ள பகுதியில் கைவைக்கமாட்டார்கள். எஞ்சின், கியர், ஸ்டியரிங், பிரேக் எல்லாம் நெருக்கியடித்து நிற்கும் சிக்கலான இடம் அது. அங்கேதான் பணமும் மூளையும் மிகுதியாகச் செலவாகின்றன. ஆகவே நடுத்தரையையும் பின்தரையையும் நீட்டிக்கொள்கிறார்கள்.

இப்படி நீட்டியதன் சிறந்த உதாரணம் டிரைபர். அதன் மொத்த நீளம் 3,990 மி.மீ. வரிச்சலுகையின் எல்லையான 4 மீட்டருக்கு ஒரு விரல் பருமன்தான் குறைவு! அதற்குள் மூன்று வரிசையில் ஏழு இருக்கைகளை வைத்திருக்கிறார்கள். கடைசி வரிசை இருக்கைகளைக் கழற்றிவிட்டால் 625 லிட்டர் அளவு சாமான் வைக்க இடம் கிடைக்கும். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள் என்று வாழும் நம் ஊர்க் குடும்பத்தை மனத்தில் வைத்தே அளவெடுத்தார்களோ என்று எண்ணத் தோன்றுகிறது.

விலை எவ்வாறு குறைகிறது?

ஒரு காரின் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கப் பெரிய எஃகு அச்சுகள் வேண்டும். அவற்றின் விலை கோடிக்கணக்கில். எஞ்சினை வடிவமைத்துச் சோதிக்கவும் ஆண்டுகள் ஆகும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடித்தளத்தை உருவாக்க 100 கோடி ரூபாய் செலவு என்று வைத்துக்கொண்டு, அதில் 1 லட்சம் கார்கள் செய்தால் ஒவ்வொரு காரின் தலையிலும் 10,000 ரூபாய் விழும். அதையே பங்கிட்டு 5 லட்சம் கார்கள் செய்தால் 2,000 ரூபாய்தான். ஊர்கூடித் தேர் இழுத்தால் ஒருவர் கைக்குப் பாரம் தெரியாது.

இரண்டாவது காரணம் உதிரிப் பாகம். ஒரே பிரேக், ஒரே விளக்குச் சுவிட்ச் பல கார்களுக்குப் பொருந்தும்போது, அதைச் செய்து தரும் சிறு தொழிற்சாலைகளுக்கு நிலையான வேலை கிடைக்கிறது. ஒரகடத்தையும் ஸ்ரீபெரும்புதூரையும் சுற்றி அத்தகைய தொழிற்சாலைகள் நிறைந்திருக்கின்றன. நம் மாவட்டத்தின் இளைஞர்களும் இளம்பெண்களும் கூட அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறார்கள்.

மூன்றாவது காரணம் சிக்கனம். க்விட்டின் சக்கரத்தை மூன்று திருகுமரைகள்தாம் பிடித்திருக்கும். பல கார்களில் நான்கு. முன் கண்ணாடியில் ஒரே ஒரு துடைப்பான், மற்றவற்றில் இரண்டு. கண்ணுக்குத் தெரியாத இடங்களிலும் இவ்வாறு கிராம் கிராமாகக் குறைத்து, முதலில் வந்த க்விட்டின் எடையை ஏறத்தாழ 660 கிலோவில் நிறுத்தினார்கள். எடை குறைந்தால் இரும்புச் செலவும் குறையும், பெட்ரோல் செலவும் குறையும். அரசும் 2025 செப்டம்பரில் சிறு கார்களுக்கான சரக்கு சேவை வரியை 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைத்தது.

இவற்றின் பயனை நம் ஊரில் கண்கூடாகக் காணலாம். ஒரு இருசக்கர வண்டியில் அப்பா, அம்மா, நடுவில் ஒரு குழந்தை, முன்னால் ஒரு குழந்தை என்று மழையில் நனைந்து போன குடும்பங்களில் சில இன்று காருக்குள் அமர்ந்து போகின்றன. இது சிறிய நன்மை அன்று.

மலைப்பாதையில் இந்தக் கார்

நம் மாவட்டத்தின் மேற்கே எழுந்து நிற்பது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சாமையும் மரவள்ளியும் விளையும் பூமி. கச்சிராயபாளையம் கடந்து, கோமுகி அணையைத் தாண்டி, வளைந்து வளைந்து ஏறினால் வெள்ளிமலை வரும். எங்கள் வகுப்பில் மலைக்கிராமங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் தோழியர் இருக்கிறார்கள். மலையில் ஒரு வாகனம் என்பது ஆடம்பரம் அன்று என்பதை அவர்களிடம் கேட்டால் தெரியும். நள்ளிரவில் பிரசவ வலி கண்டவரையும், பாம்பு கடித்தவரையும் மருத்துவமனை சேர்க்கும் வழி அது.

உலகத்துக்குப் பொதுவான அடித்தளம் இந்தப் பாதையில் எப்படி நடந்துகொள்ளும்? முதலில் தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி. க்விட்டுக்கு 180 மி.மீ., டிரைபருக்கு 182 மி.மீ. மழையில் அரித்த சாலையிலும் வேகத்தடையிலும் அடிபடாமல் போக இது உதவும்.

அடுத்தது எஞ்சினின் ஆற்றல். டிரைபரின் எஞ்சின் 999 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. அதன் ஆற்றல் 72 குதிரைத்திறன். காரின் எடை சுமார் 947 கிலோ. அப்படியானால் ஒரு குதிரை 13 கிலோவை இழுக்கிறது. ஆளுக்கு 60 கிலோ வீதம் ஏழு பேர் ஏறினால் மொத்தம் 1,367 கிலோ; இப்போது ஒரு குதிரையின் பங்கு 19 கிலோ. சமவெளியில் இது தெரியாது. கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது தெரியும். அதனால்தான் அனுபவமுள்ள ஓட்டுநர்கள் ஏற்றத்தில் தயங்காமல் முதல் அல்லது இரண்டாம் கியருக்கு மாறிக்கொள்கிறார்கள், ஏர்கண்டிஷனை நிறுத்திவிடுகிறார்கள்.

ஏற்றத்தைவிட இறக்கமே ஆபத்தானது. பெட்ரோலை மிச்சப்படுத்துவதாக எண்ணிச் சிலர் நியூட்ரலில் வண்டியை உருட்டிக்கொண்டு இறங்குவார்கள். அப்போது முழுப் பாரத்தையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டியிருக்கிறது. பிரேக் சூடேறினால் அதன் பிடி தளரும். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைப்பாதையின் பொன்விதி.

ஒன்றின் குறை பலவற்றின் குறை

இதுவரை நன்மையைக் கண்டோம். நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. ஒரே மாவில் சுட்ட தோசைகளில், மாவில் உப்பில்லை என்றால் எல்லாத் தோசையிலும் உப்பிருக்காது. 2016 அக்டோபரில் எரிபொருள்க் குழாயைப் பிடிக்கும் ஒரு சிறு பாகத்தைச் சரிபார்க்கச் சுமார் 50,000 க்விட் கார்களை ரெனால்ட் திரும்ப அழைத்தது. அதே சமயத்தில் டாட்சன் ரெடி-கோக்களில் சிலவற்றையும் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. பெயர் வேறு, கம்பெனி வேறு, குறை ஒன்று. ஆனால் குறை கண்டதும் வெளிப்படையாக அழைத்துக் கட்டணமின்றிச் சரிசெய்வது நல்ல வழக்கமே. அப்படி அழைப்பு வந்தால் அலட்சியம் செய்யாமல் வண்டியைக் கொண்டுபோக வேண்டியது நம் கடமை.

இதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. உண்மையில் இந்தக் கட்டுரையை எழுத எங்களைத் தூண்டியதும் அதுவே.

உயிர் காக்கும் சுவர்

பத்தாம் வகுப்பு அறிவியலில் 'இயக்க விதிகள்' நமக்கு முதல் பாடம். உந்தம் மாறுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் நீண்டால் விசை குறையும் என்று அதில் படித்தோம். வேகமாக வரும் பந்தைக் கையைப் பின்னிழுத்துப் பிடிப்பது அதனால்தான். நல்ல காரின் முன்பகுதி மோதலின்போது மடிந்து நசுங்கி அந்த நேரத்தை நீட்டுகிறது. ஆட்கள் அமரும் பகுதியோ மடியாமல் நிற்க வேண்டும். முன்பகுதி பந்து பிடிக்கும் கை. நடுப்பகுதி உயிர் காக்கும் சுவர்.

பிரிட்டனைச் சேர்ந்த 'குளோபல் என்கேப்' என்ற அமைப்பு, கார்களை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் தடுப்பின்மீது மோதவிட்டு நட்சத்திர மதிப்பெண் வழங்குகிறது. அந்த வேகத்தில் மோதுவது ஏறத்தாழ 16 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஐந்து மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுவதற்குச் சமம். நம் சூத்திரத்தைக் கொண்டே இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

2016இல் அந்தச் சோதனையில் இந்திய க்விட் பூஜ்யம் நட்சத்திரம் பெற்றது. அதே ஆண்டில் சில திருத்தங்களுக்குப் பின் 1 நட்சத்திரம் பெற்றது. பிரேசிலில் செய்த க்விட்டை 'லத்தீன் என்கேப்' என்ற அமைப்பு 2017இல் சோதித்தது. அதில் நான்கு காற்றுப்பைகள் இருந்தன, கூடும் வலுப்படுத்தப்பட்டிருந்தது. அது 3 நட்சத்திரம் பெற்றது. அதே பெயர், அதே முகம், அதே அடித்தளம். உள்ளே மட்டும் வேறுபாடு. கள்ளக்குறிச்சிக் குழந்தையின் தலையும் பிரேசில் குழந்தையின் தலையும் ஒரே அளவு மென்மையானவைதாமே!

அடித்தளமே மோசம் என்று முடிவுகட்டுவதும் தவறு. அதைப் பெரிதாக்கிச் செய்த டிரைபர் 2021இல் பெரியவர்களின் பாதுகாப்புக்கு 4 நட்சத்திரமும், குழந்தைகளின் பாதுகாப்புக்கு 3 நட்சத்திரமும் பெற்றது. மேக்னைட்டும் கைகரும் 2022இல் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் 4 நட்சத்திரம் பெற்றன. ஐரோப்பா போன டாசியா ஸ்பிரிங்கோ 2021இல் அங்குள்ள சோதனையில் 1 நட்சத்திரம்தான் பெற்றது. ஆக, அடித்தளம் பொதுவானது என்பதால் ஒரு கார் பாதுகாப்பானதாகவும் ஆகிவிடாது, ஆபத்தானதாகவும் ஆகிவிடாது. அதன்மேல் எவ்வளவு எஃகையும் எத்தனை காற்றுப்பையையும் வைக்கிறார்கள் என்பதே முடிவைத் தருகிறது. அதை முடிவு செய்வோர் பொறியாளர்கள் மட்டும் அல்லர். ஒவ்வொரு நாட்டின் சட்டமும், அங்கு வாங்குவோர் கேட்கும் கேள்வியும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

"பூஜ்யம் நட்சத்திரமானாலும் மோட்டார் சைக்கிளில் நான்கு பேர் போவதைவிட மேல் அல்லவா? விலையைக் கூட்டினால் ஏழைக்குக் கார் எட்டாதே?" என்று ஒரு தோழி எங்களிடம் வாதாடினாள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். இருசக்கர வண்டியில் போகிறவர் தமக்குப் பாதுகாப்பு குறைவு என்று அறிந்தே மெதுவாகப் போகிறார். காருக்குள் அமர்ந்தவர் நான்கு பக்கமும் தகடு இருப்பதைப் பார்த்து, காப்பு உண்டு என்று நம்பி வேகமாகப் போகிறார். அந்த நம்பிக்கை பொய்க்கலாகாது.

நம் நாட்டின் சட்டமும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 2017 அக்டோபர் முதல் புதிய மாடல்களுக்கும், 2019 அக்டோபர் முதல் ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கும் மோதல் சோதனை கட்டாயமாயிற்று. 2019 ஜூலை முதல் ஓட்டுநருக்கும், அதன்பின் அருகில் அமர்பவருக்கும் காற்றுப்பை கட்டாயமாயிற்று. 2023 அக்டோபரில் 'பாரத் என்கேப்' என்ற நம் நாட்டு நட்சத்திரத் திட்டமே தொடங்கியது. ஆனால் நட்சத்திரம் பெறுவது கம்பெனியின் விருப்பத்தைப் பொறுத்தது. ஆகவே கேட்பது நம் பொறுப்பாகிறது.

நாம் கேட்க வேண்டியவை

கரும்புப் பணத்தையும் மரவள்ளிப் பணத்தையும் சேர்த்து, மீதியைக் கடன் வாங்கி, ஒரு குடும்பம் தன் முதல் காரை வாங்குகிறது. அந்த வேளையில் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாய் இருப்பது பெரும்பாலும் நாம்தான். ஆகவே விற்பனைக் கூடத்துக்குப் பெற்றோருடன் போகும்போது நிறத்தைத் தேர்ந்தெடுப்பதோடு நாம் நின்றுவிடலாகாது. இந்தக் கார் எத்தனை நட்சத்திரம் பெற்றது? எந்த ஆண்டில் பெற்றது? சோதித்த காரில் இருந்த காற்றுப்பைகள் நாம் வாங்கும் காரிலும் உண்டா? எல்லா இருக்கைக்கும் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை உண்டா? குழந்தை இருக்கையைப் பூட்ட வசதி உண்டா? இந்த ஐந்து கேள்விகளையும் தயங்காமல் கேட்போம்.

வாங்கிய பின்னும் கடமை இருக்கிறது. பின்னிருக்கையில் அமர்ந்தாலும் பட்டையை அணிவோம். ஏழு பேருக்கான காரில் பத்துப் பேர் ஏறுவதைத் தடுப்போம். மடியில் வைத்த குழந்தையை மோதலின்போது எந்தத் தாயின் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது என்பதை நாம் படித்த இயக்க விதிகளே சொல்கின்றன.

பொது அடித்தளம் என்பது சிக்கனத்தின் வெற்றி. பல நாட்டு மூளையும் பல கைகளும் கூடிய உழைப்பின் வெற்றி. அதைச் செய்து காட்டிய பெருமையில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. நாளை நம்மில் சிலர் பொறியியல் படித்து ஒரகடத்தின் வரைபட மேசையில் அமரக்கூடும். அன்று எங்கே கிராம் குறைக்கலாம், எங்கே ஒரு கிராமும் குறைக்கலாகாது என்பதை வெள்ளிமலைச் சாலையில் ஏறிவரும் ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்து அவர்கள் தீர்மானிக்கட்டும். சித்திரம் அழகாக இருக்கட்டும்; சுவர் அதனினும் உறுதியாக இருக்கட்டும்!

— பத்தாம் வகுப்பு மாணவி